பள்ளத்தாக்கிலிருந்து வான்வழியே

முல்லைப் பெரியாற்று நீரால் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் விளைபொருள்கள் யாவும் விமானம் ஏற வேண்டியவை அல்ல. போடிநாயக்கனூர் ஏலக்காய் உலர்ந்த சரக்கு, கப்பலில் செல்லலாம். காயாக வெட்டிய வாழைத்தாரைச் சுமார் 13 பாகை செல்சியசில் வைத்தால் கடற்பயணத்தைத் தாங்கும். அதனினும் குளிர்ந்தால் தோல் கருகும். உறையவைத்த உணவும் −18 பாகையில் பல மாதம் இருக்கும்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை அத்தகையதன்று. சாறு மிகுந்த அப்பழம் பறித்தபின் மேலும் பழுப்பதில்லை, வாடவே செய்யும். அதனைத் தொலைநாட்டிற்குப் புதிதாக அனுப்ப வான்வழியே ஏற்றது.

ஆனால் வான்வழிக் கட்டணம் மிகுதி. எடையோடு, அடைக்கும் இடமும் கணக்கிடப்படும். பொதுவாக 6,000 கன சென்டிமீட்டர் ஒரு கிலோவாகக் கொள்ளப்படும். 60 × 40 × 30 சென்டிமீட்டர் பெட்டியில் 8 கிலோ முருங்கைக்காய் இருந்தாலும் 12 கிலோவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இவ்வளவு செலவிட்டும் விமானம் காலத்தைத்தான் சுருக்கும். கெட்ட பழத்தைத் திருத்தாது. பறித்த திராட்சை வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுள் குறையும். ஆகவே விடியலில் பறித்து, நிழலில் தரம் பிரித்து, உடனே குளிரூட்டி, அக்குளிர் குறையாமல் விமானநிலையம் சேர்த்தல் வேண்டும். தோட்டத்தில் கழியும் அந்த முதற் சில மணி நேரமே உழவரின் ஊதியத்தை முடிவு செய்கிறது.