திரும்பி வந்த முதல் வாரம்

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு நம் குடும்பங்கள் போடுகிற திட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். விசா, ஓட்டல், ரயில் பாஸ், எந்த ஊரில் சைவச் சாப்பாடு கிடைக்கும், புளிக்காய்ச்சலை எந்தப் பெட்டியில் வைப்பது என்று மாதக்கணக்கில் பேச்சு ஓடும். ஆனால் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குவதோடு அந்தத் திட்டம் முடிந்துவிடும். மறுநாளைக்கு யாரும் எதுவும் யோசித்திருக்க மாட்டார்கள். அழுக்குத் துணி மூட்டை, காலி ஃபிரிட்ஜ், அலுவலகத்தில் குவிந்த வேலை, பத்தாததற்கு அடுத்த மாத கிரெடிட் கார்டு பில். “வந்ததிலிருந்து எதுவுமே பிடிக்கலை” என்ற புலம்பல் இரண்டாம் நாளே தொடங்கிவிடும். என் அனுபவமும் சுற்றிலும் பார்த்ததும் எனக்குச் சொல்வது வேறு. பயணத்தின் ருசியான பகுதிகளில் ஒன்று, ஊர் திரும்பிய முதல் வாரம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது பிடிபடாததால்தான் பெரும்பாலானவர்கள் அந்த வாரத்தைத் துணி துவைத்தே கழித்துவிடுகிறோம்.

முதலில் கசப்பான செய்தி. நெதர்லாந்தில் யெரூன் நவெய்ன் என்ற ஆய்வாளரின் குழு 1,530 பேரிடம் விசாரித்து 2010இல் ஒரு முடிவை வெளியிட்டது. சுற்றுலா போகிறவர்கள், போவதற்கு முன்னால், வீட்டிலேயே இருக்கிறவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பயணம் மிக நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்ன சிலரிடம் மட்டும் கொஞ்ச காலம் அந்தத் தெம்பு தங்கியது. அதே நாட்டு ஊழியர்களை வைத்து ஜெசிகா டி ப்ளூம் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு, சராசரியாக 23 நாள் நீண்ட விடுமுறைகளைப் பற்றியது. உடலும் மனமும் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே எல்லாம் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அப்படியானால் லட்சக்கணக்கில் கொட்டியது வீண்தானே என்று கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கிருந்து கொண்டுவந்த தெம்பு தங்காது, அதைப் பிடித்து வைக்கப் பார்ப்பதும் பயனில்லை, அவ்வளவுதான். அவர்கள் அளந்தது ஒருவருடைய பொதுவான மனநிலையை. இரண்டு வாரம் கழித்துக் குடிக்கிற முதல் டம்ளர் காபி அந்த அளவுகோலில் ஏறாது.

அந்தக் காபிக்கு ருசி எங்கிருந்து வருகிறது? ஊர்ப்பாசத்திலிருந்து என்று சொல்வது வழக்கம். இடைவெளியிலிருந்து என்பேன் நான். ஜோர்டி க்வாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தார்கள். பிறகு ஒரு வாரம் ஒரு பிரிவினர் சாக்லேட்டைத் தொடக்கூடாது, இன்னொரு பிரிவினர் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். வாரக் கடைசியில் மறுபடி அதே சாக்லேட்டைக் கொடுத்தபோது அதிகம் ரசித்தவர்கள் தொடாமல் இருந்தவர்கள்தான். இதற்கு ஆய்வுக்கூடமே வேண்டாம், புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கறிக்கடை வாசலிலும் போய் நின்றால் தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பும்போது காசிமேட்டில் வஞ்சிரத்துக்கு விழுகிற கூட்டத்தைப் பாருங்கள். வஞ்சிரம் மாறவில்லை. சாப்பிடுகிற நாக்கு இரண்டு மாதம் சும்மா இருந்திருக்கிறது. கோடை விடுமுறையில் வெளிநாடு போய் ஜூனில் திரும்புகிற சென்னைக் குடும்பத்துக்கு இந்த இடைவெளி ரசத்தில், தயிரில், சொந்தத் தலையணையில், யாரிடமும் யோசித்துப் பேசத் தேவையில்லாத தமிழில், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும். ஐரோப்பா போய் வந்தவர்களுக்குக் கழிவறையில் தண்ணீர் கிடைப்பதே பெரிய சுகம். அதை யாரும் புகைப்படம் எடுத்துப் போடுவதில்லை என்பதால் அது குறைந்துவிடாது.

இடைவெளியால் வருகிற ருசிக்கு ஆயுள் குறைவு. நாலாவது காபி வெறும் காபிதான். அதனால் நான் கடைப்பிடிக்கிற முதல் விதி, எல்லாவற்றையும் ஒரே நாளில் தீர்த்துவிடாமல் இருப்பது. இறங்கிய அன்றே சரவண பவனில் டிபன், மதியம் பிரியாணி, சாயங்காலம் மாம்பழம் என்று போனால் மறுநாள் கைவசம் எதுவும் மிஞ்சாது. சமையலறையே இதில் நமக்கு உதவி செய்கிறது. இட்லிக்கு அரைத்தால் மாவு பொங்க ஒரு ராத்திரி வேண்டும். ஆக வீட்டு இட்லி மறுநாளோ மூன்றாம் நாளோதான். ஃபிரிட்ஜைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் வீட்டில் உறைமோர்கூட இருக்காது; பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கித்தான் பாலில் ஊற்ற வேண்டும், தயிர் அடுத்த நாள். அந்த ஒரு கரண்டியோடு பதினைந்து நாள் தெருக்கதையும் வந்து சேரும். காபிப்பொடி மட்டும் என் பிடிவாதம். போகும் முன் வாங்கிய பொடியில் மணம் போயிருக்கும், அதை வைத்து முதல் டிகாஷன் போட்டால் எதிர்பார்ப்பு முழுவதும் பாழ். புதிதாக அரைத்து நூறு கிராம் வாங்கினால் போதும்.

அடுத்தது தூக்கம். ஜப்பானுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கோடையில் சுவிட்சர்லாந்துக்கும் நமக்கும் அதே மூன்றரை, எதிர்ப்பக்கமாக. டோக்கியோவிலிருந்து வருகிறவருக்கு விடியற்காலை நாலு மணிக்கே விழிப்புத் தட்டும். ஜூரிக்கிலிருந்து வருகிறவருக்கு நள்ளிரவு தாண்டியும் கண் மூடாது. முதல் வகையினர் அதிர்ஷ்டசாலிகள்: புரண்டு படுத்து ஃபோனைத் தடவாமல் எழுந்துவிட்டால், வருஷம் முழுக்கப் பார்க்காத ஒரு நகரம் கிடைக்கும். பால் வண்டி, கோயம்பேட்டிலிருந்து வருகிற பூக்கூடை, வெயில் ஏறாத பெசன்ட் நகர் கடற்கரை எல்லாம் அந்த நாலைந்து நாளைக்கு முயற்சி இல்லாமல் வசப்படும். இரண்டாம் வகையினர் காலையில் எப்படியாவது எழுந்து வெளிச்சத்தில் நடப்பதுதான் வழி; மதியம் படுத்தால் அன்றைய ராத்திரி போச்சு. எப்படியானாலும் ஞாயிறு நள்ளிரவு இறங்கித் திங்கள் காலை அலுவலகம் என்று டிக்கெட் போடுவதைப் போன்ற கஞ்சத்தனம் கிடையாது. சேமித்த ஒரு நாள் விடுப்புக்காக ஒரு வாரத்தைத் தருகிறோம்.

இதைப் படிக்கிற பெண்களில் பாதிப் பேர் இந்நேரம் சிரித்திருப்பார்கள். ரசம் சுகம், இட்லி சுகம் சரி, வைப்பது யார்? நியாயமான கேள்வி, இந்தக் கட்டுரையின் மிகப் பலவீனமான இடமும் இதுதான். பல வீடுகளில் சுற்றுலா என்பதே அம்மாவுக்கு அடுப்பிலிருந்து கிடைத்த விடுதலை. திரும்பி வந்ததும் மற்றவர்களுடைய சின்னச் சின்ன சந்தோஷங்கள் எல்லாம் அவருடைய வேலைப் பட்டியலாக மாறுகின்றன; அவருக்கு இடைவெளி விழுந்த பொருள் ரசம் அல்ல, அடுப்படிதான், அதை யாரும் ஏங்கித் தேடுவதில்லை. ஆகவே ஒருவரின் சுகம் இன்னொருவரின் உழைப்பில் நிற்குமானால், அந்த இன்னொருவர் தானாக விரும்பினால் ஒழிய முதல் வாரத்தில் அதைக் கேட்கக்கூடாது. மாவு கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. துணியை நாலு தவணையாகத் துவைத்தால் யாரும் கேஸ் போடப் போவதில்லை. ஜூரிக் டிராம் வண்டிகளை ஃபோனைப் பார்த்தே மாறி மாறிப் பிடித்த குடும்பத் தலைவருக்கு இருபது நிமிட ரசம் பிடிபடாத வித்தை அல்ல.

இன்னொரு ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வரும். “அங்கே நடைபாதை என்ன, சுத்தம் என்ன, ஹாரன் சத்தமே இல்லை. இங்கே வந்து இட்லியில் மகிழ்ச்சி காணச் சொல்வது ஏமாற்று” என்பார்கள். நடைபாதை விஷயத்தில் அவர்கள் சொல்வது முழுக்க உண்மை. அதை இட்லியை வைத்துச் சமாளிக்கக்கூடாது என்பதுதான் என் கட்சியும். பொது வசதிகளில் ஒப்பிடுவது நல்லது. பிறநாட்டு ஊர்களைப் பார்த்த கண்ணுக்கு நம் தெருவின் உடைந்த சிமென்ட் பலகை புதிதாகத் தெரிகிற இந்த வாரத்திலேயே மாநகராட்சிக்குப் புகார் எழுதிவிட வேண்டும், பத்து நாளில் அதுவும் பழகிவிடும். ஆனால் ஒப்பிடக்கூடாதவற்றை ஒப்பிடுவதில்தான் மனம் கெடுகிறது. பாரிஸில் க்ரோசான் சாப்பிட்டுவிட்டு வந்து அதே வாரத்தில் அண்ணா நகர் கஃபேயில் க்ரோசான் கேட்டால் தோல்வி நிச்சயம். டோக்கியோ ராமெனை நுங்கம்பாக்கத்தில் தேடுவதும் அப்படியே. அங்கே இணை இல்லாததை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்: நுங்கு, இமாம்பசந்த், மோர் மிளகாய். இவற்றோடு போட்டி போட எந்த ஊர் நினைவும் வராது.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கே உறுத்துவது. க்வாட்பாக் குழு 2015இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, நிறைய நாடுகள் பார்த்தவர்களுக்குச் சாதாரணமான, ஆனால் அழகான ஓர் இடத்தை நின்று ரசிக்கிற ஆர்வம் குறைவு. பயணம் சின்ன சந்தோஷத்தைக் கூர்மையாக்குகிறது என்று நான் சொல்ல, ஆய்வு மழுங்கடிக்கிறது என்கிறது. ஆனால் அதன் இரண்டாம் பகுதியைக் கவனிக்க வேண்டும். பாஸ்டன் நகரின் பழைய தேவாலயம் ஒன்றின் வாசலில் வந்தவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்து, பார்த்த ஊர்களைக் குறிக்கச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண ஊர்களின் பட்டியல். குறித்து முடித்ததும் தாம் நிறையச் சுற்றியவர் என்ற எண்ணம் வந்துவிடும். சிலருக்கு எட்டாத ஊர்களின் பட்டியல். அவர்களுக்கு அந்த எண்ணம் வராது. முன்னவர்கள் தேவாலயத்தில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். அந்த வாசலில் யாருடைய பயண அனுபவமும் கூடவோ குறையவோ இல்லை; தன்னைப் பற்றிய நினைப்பு மட்டும் மாறியது. மழுங்கடிப்பது கணக்கெடுப்பு என்றே இதை எடுத்துக்கொள்கிறேன். “இதோடு எத்தனை நாடு ஆச்சு?” என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்கிறார்களே, ஃபிரிட்ஜ் கதவில் காந்தப் பொம்மைகளை வரிசையாக ஒட்டுகிறோமே, அதுதான் அந்தப் பட்டியல். பொம்மையை எடுத்துப் போடச் சொல்லவில்லை. எண்ண வேண்டாம் என்கிறேன்.

வாரம் முடிந்துவிடும், பழக்கம் திரும்ப வந்து மூடிவிடும். அதற்குமேல் செய்ய முடிவது கொஞ்சம்தான். காஸி மோகில்னர் ஹோம்ஸும் கூட்டாளிகளும் அமெரிக்க ஊழியர்கள் சிலரிடம் ஒரு வாரக் கடைசியைச் சுற்றுலாவாக நினைத்துக் கழிக்கச் சொன்னார்கள், வேறு சிலரிடம் வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். திங்களன்று முதல் தரப்பு கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தது. அந்தந்த நேரத்தில் நடக்கிற காரியத்தில் கவனம் வைத்ததுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. சென்னையில் இதைச் செய்து பார்க்க வசதியான இடம் ஒன்று உண்டு. லண்டன் போகிற நம்மவர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களின் முன் நின்று வியந்துவிட்டு வருகிறார்கள். அதே அமராவதித் தூபியின் சிற்பங்கள், 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பக்கத்திலேயே சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் வேறு. லண்டனில் கொடுத்த அரை நாளை இங்கேயும் கொடுங்கள், காலில் அதே ஷூவோடு, மதியச் சாப்பாட்டையும் வெளியிலேயே வைத்துக்கொண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை; மற்ற நாட்களில் காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இருக்காது.