சிவப்பழகு கிரீம் சிறுநீரகத்தைக் கெடுத்தால் யார் மீது வழக்கு?

கேள்வி: என் தங்கை அழகு நிலையத்தில் வாங்கிய சிவப்பழகு கிரீமை ஆறு மாதம் பூசினாள். இப்போது கால் வீக்கம், சிறுநீரில் புரதம். கிரீமில் பாதரசம் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை. இழப்பீடு கேட்க வழியுண்டா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. மருத்துவரின் சந்தேகமும் வெறும் ஊகமல்ல. கேரளத்தின் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு 'நெல்-1' புரதத்தோடு தொடர்புடைய பாதிப்பு. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

தோலில் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். சட்டவிரோதத் தயாரிப்பாளர்கள் அதைக் கலப்பது இதற்காகத்தான். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி முகக் கிரீமில் தற்செயலாகச் சேரும் பாதரசம்கூட 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது.

தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லையா? விற்றவர் தப்ப முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 86ஆம் பிரிவு, அத்தகைய நிலையில் விற்பனையாளரையே பொறுப்பாக்குகிறது. வாங்கிய பொருளின் விலை சில நூறு ரூபாய் என்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டால் போதும், கட்டணம் இல்லை. வசிக்கும் ஊரிலேயே தொடரலாம்.

வழக்கின் உயிர் ஆதாரத்தில் இருக்கிறது. கோபத்தில் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டால் பாதி வழக்கு போயிற்று. மிச்சமிருக்கும் கிரீமோடு அதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். ரசீது இல்லாவிட்டால் பணம் அனுப்பிய யூபிஐ பதிவைக் காட்டலாம். இரத்த, சிறுநீர்ப் பாதரசப் பரிசோதனை முடிவுகளும், நோய்க்கும் கிரீமுக்கும் தொடர்புண்டு என்று மருத்துவர் எழுதித் தரும் கருத்தும் அவசியம். "அளவுக்கு மீறிப் பூசினார்கள்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். எப்போது, எவ்வளவு பூசினாள் என்பதைத் தங்கை இப்போதே எழுதி வைப்பது நல்லது.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதே கிரீம் இன்னும் விற்கப்படுமானால், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு புகார் எழுதுங்கள். ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.