பாரம் சுமக்கும் சரீரம்



போன மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு சகோதரி மெதுவாக என் பக்கத்தில் வந்து, "பிரதர், எப்பவும் ஒரே டென்ஷனா இருக்கு. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. நெஞ்சு படபடங்குது. நான் விசுவாசத்துல குறைஞ்சு போயிட்டேனோ?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என் உள்ளத்தைக் குத்தியது. ஏனென்றால் நான்கு வருஷங்களுக்கு முன்பு அதே கேள்வியை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்தவன் நான்.

அப்போது எனக்குக் கணக்கு எழுதும் வேலை. மார்ச் மாதம் வந்தால் கணக்கு முடிக்கும் நெருக்கடி. மூத்த மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ். வீட்டில் படுக்கையாகிவிட்ட அம்மா. மாதம் பிறந்தால் கடன் தவணை. ஞாயிற்றுக்கிழமை சபையில் கைதட்டிப் பாடுவேன். திங்கட்கிழமை விடியற்காலை இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் ஒரு வார்த்தை பேசினால் சீறி விழுவேன்.

ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சை யாரோ பிடித்து அழுத்துவதுபோல் இருந்தது. டாக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. ஆனால் பி.பி. 170/100! மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். சுகமாகத் தெரிந்தது. "இனி எதற்கு மாத்திரை? அது அவிசுவாசம் அல்லவா?" என்று நானே நிறுத்திவிட்டேன். டாக்டரையும் கேட்கவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. சில வாரங்களில் பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு பி.பி. 190/110. என் மனைவி பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, எங்களை நெனச்சுப் பாத்தீங்களா?" என்று அழுதாள். அந்த அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எலியாவுக்கு முதலில் கிடைத்தது என்ன?

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட எலியா, ஒரு மிரட்டலைக் கேட்டு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது பிரசங்கமா? கண்டிப்பா? இல்லை! தூக்கம், தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். அதற்குப் பிறகுதான் ஓரேபுக்குப் பிரயாணம். தீர்க்கதரிசியின் சரீரமே களைத்துப் போகுமானால், நம்முடைய சரீரம் எம்மாத்திரம்?

சரீரத்துக்குள் நடப்பது என்ன?

தெருவில் ஒரு வெறிநாய் துரத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உடனே அட்ரினலினைச் சுரக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஜீரணம் மந்தமாகிறது. பின்னாலேயே கார்டிசால் என்ற ஹார்மோனும் கூடுகிறது. ஓடித் தப்பியதும் எல்லாம் அடங்கிவிடும். இது சரீரத்துக்குள் இருக்கிற நல்ல பாதுகாப்பு.

ஆனால் கடன் தவணை ஓடித் தப்பிக்கிற நாய் இல்லையே! மாதக்கணக்கில் கூடவே வருகிறது. சரீரமும் மாதக்கணக்கில் அபாயமணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தலைவலி, கழுத்துப் பிடிப்பு, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, எரிச்சல். பி.பி.யும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு அவை கட்டுக்கு அடங்காமல் போகிறது. 1936-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஹான்ஸ் செலி என்ற மருத்துவ விஞ்ஞானி எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, குளிர், காயம், அதிக உழைப்பு என்று துன்பம் எதுவானாலும் சரீரம் ஒரேவிதமாகப் பாதிக்கப்படுவதைக் கண்டு எழுதினார்.

அதற்காக எல்லா வியாதியையும் டென்ஷன் தலையில் கட்டிவிடக் கூடாது. வயிற்றுப்புண் கவலையால்தான் வருகிறது என்று வெகுகாலம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் அதற்கு முக்கிய காரணம் ஒரு கிருமி என்று காட்டினார்கள். 2005-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே பரிசோதனை அவசியம்.

நான் கைக்கொள்ளுகிற ஆறு காரியங்கள்

1. நிதானமான மூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவேன். ஐந்து நிமிஷம் போதும். மூச்சை விடும்போது இருதயத் துடிப்பு இயல்பாகவே தணியும். அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்கவேண்டும். பஸ்ஸிலும் செய்யலாம்.

2. இறுக்கித் தளர்த்துதல். கைமுஷ்டியை ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்து, விட்டுவிடுங்கள். அப்படியே தோள், முகம், கால். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் தசைகளைத் தளர்த்தும் முறையைப்பற்றி 1929-இலேயே புத்தகம் எழுதியிருக்கிறார். படுக்கும்போது செய்தால் நல்லது.

3. நடை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமான நடை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரம் 150 நிமிஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வருகிறது அல்லவா?

4. தூக்கம். ஏழு மணி நேரமாவது வேண்டும். காபியிலுள்ள கஃபீன் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. மத்தியானத்துக்குமேல் நான் காபி, டீ தொடுவதில்லை. செல்போன் அடுத்த அறையில் தூங்கும்! முழு இரவு ஜெபத்துக்குப் போனால், மறுநாள் படுத்து அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

5. எழுதி வைத்தல். ஒரு நோட்டில் இரண்டு பத்தி. ஒன்றில் நாளைக்கு நான் செய்யக்கூடியது. மற்றதில் என் கையில் இல்லாதது. முதல் பத்தியை வைத்து வேலை செய்கிறேன். இரண்டாம் பத்தியை வைத்து ஜெபிக்கிறேன். தலைக்குள் நூறு காரியமாகச் சுற்றிக்கொண்டிருந்தது பேப்பரில் ஏழெட்டுதான் இருக்கும்.

6. பாரத்தைப் பகிர்தல். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களை ஒருவராய் நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, மாமனாகிய எத்திரோ வேலையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார் (யாத்திராகமம் 18). நானும் என் தம்பியிடம் பேசினேன். இப்போது மாதத்தில் பத்து நாள் அம்மா அவன் வீட்டில். இதை முன்னமே கேட்டிருந்தால் எவ்வளவு நலமாயிருந்திருக்கும்! பேச ஆளே இல்லை என்கிறவர்களுக்கு, 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது: 14416. தமிழிலும் பேசலாம்.

டாக்டரிடம் போகவேண்டிய நேரம்

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "டென்ஷன்தான்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பி.பி. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேலே இருந்தால் வைத்தியம் தேவை. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு, ஒன்றிலும் பிரியமில்லாமல் போனாலும், வாழவே வேண்டாம் என்ற நினைவு ஒருதரம் வந்தாலும், அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். உப்பைக் குறையுங்கள், ஒருவருக்கு ஒருநாளைக்கு எல்லா ஆகாரத்திலும் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும்.

மாத்திரையை மாத்திரம் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தவே நிறுத்தாதீர்கள். என் டாக்டர் சொன்னது இதுதான்: "நீங்க நல்லா இருக்கிறதே மாத்திரை வேலை செய்யறதாலதான். காய்ச்சல் மாத்திரை மாதிரி நெனச்சுட்டீங்க." இன்றைக்கு என் பி.பி. 130/80. மாத்திரையும் சாப்பிடுகிறேன், நடக்கவும் செய்கிறேன். கடன் இன்னும் முழுவதும் தீரவில்லை. ஆனாலும் விடியற்காலை இரண்டு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்!

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்: "சிஸ்டர், உங்க விசுவாசம் குறையல. உங்க சரீரம் களைச்சுப் போச்சு. இன்னைக்கு ராத்திரி சீக்கிரம் படுங்க. நாளைக்குக் காலையில என் மனைவியோட போய் பி.பி. பாத்துட்டு வாங்க."

அவர்கள் போய்ப் பார்த்தார்கள். நீங்கள் எப்போது போகப்போகிறீர்கள்?