தமிழ் ஓடும் ஒளிப்பலகை

விலைக்கு வாங்கும் சிறு ஒளிப்பலகைகளில் ஆங்கிலம் அழகாக ஓடும். தமிழோ தலை வெட்டப்பட்டும் கால் நசுங்கியும் ஓடும். காரணம் எளிது. ஆங்கில எழுத்துக்கு ஏழெட்டு வரிசைப் புள்ளிகள் போதும். நமது ‘கி’க்கு மேலே வளைவும், ‘பு’வுக்குக் கீழிறங்கும் காலும் இருக்கின்றபடியால், 16 வரிசையாவது வேண்டும். ஆகவே நம் வாலிபர்கள் தாமே ஒரு பலகை செய்துகொள்வது நலம். சாமான்களெல்லாம் ஜாலான் புசார் சிம் லிம் டவர் பக்கம் விசாரித்தால் அகப்படும்.

16க்கு 16 என்றால் 256 புள்ளிகள். டபிள்யூ.எஸ். 2812பி என்ற வகையில், ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளோடு ஒரு சிறு சில்லும் உண்டு. பந்தியில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவருக்குத் தள்ளுவதுபோல, அது தனக்குரிய கட்டளையை எடுத்துக்கொண்டு மற்றதை அடுத்த புள்ளிக்கு அனுப்பும்.

இனி மின்சாரக் கணக்கு. வாலிபர்கள் படத்துக்கு அவசரப்பட்டு இதைத்தான் தாண்டி ஓடுகிறார்கள். ஒரு புள்ளி முழு வெண்மையில் எரிய 60 மில்லி ஆம்பியர். 256 புள்ளிக்கு 15.36 ஆம்பியர். 5 வோல்ட்டுதானே, விளையாட்டுச் சாமான்தானே என்று எண்ணலாகாது. மெல்லிய கம்பியில் அவ்வளவு ஓடினால் உறை உருகித் தீப்பிடிக்கும். கீழே கடையும் மேலே உறங்குவோருமாக உள்ள வீடுகள் நம்முடையவை! எனவே 20 ஆம்பியர் தரும் மின்வழங்கி, தடித்த கம்பி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு பியூஸ் அவசியம். பலகையின் இரு முனைகளிலும் மின்சாரம் கொடுங்கள். இல்லையேல் கடைசிப் புள்ளிகளில் வெள்ளை மங்கிச் செம்மஞ்சளாகும். 230 வோல்ட்டுப் பக்கத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

மூளையாக இ.எஸ்.பி. 32 அட்டையும், அதில் டபிள்யூ.எல்.இ.டி. மென்பொருளும் போதும். அட்டை தருவது 3.3 வோல்ட்டுச் சைகை. புள்ளிகளோ 5 வோல்ட்டில் வேலை செய்பவை. ஆதலால் இடையில் 74ஏ.ஹெச்.சி.டி.125 என்ற சில்லைப் பொருத்துவது நன்று. இரண்டின் எதிர்முனைக் கம்பிகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

கணினியில் எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருள். வரிசைகள் உழவுச்சால்போல் ஒன்று வலமாகவும் அடுத்தது இடமாகவும் போகும். அதை அப்படியே அங்கே குறிக்காவிட்டால் எழுத்து சிதறிவிடும். ‘யூனிவர்ஸ்’ ஒன்றுக்கு 512 தடங்கள். புள்ளிக்கு மூன்று வீதம் 170 புள்ளிகளே அதில் அடங்கும். மீதி 86ஐ இரண்டாவதில் வையுங்கள். சிவப்புக்குப் பதில் பச்சை எரிந்தால் பயப்பட வேண்டாம். வண்ண வரிசையைப் பச்சை, சிவப்பு, நீலம் என மாற்றினால் சரியாகும்.

மென்பொருளின் எழுத்துருவை நம்பாமல், வாசகத்தை 16 புள்ளி உயரப் படமாக வரைந்து ஓடவிடுங்கள். இரவில் மூன்றிலொரு பங்கு வெளிச்சமே தாராளம். மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் வசதியும் டபிள்யூ.எல்.இ.டி.யில் இருக்கிறது. ஆனால் அது வெறும் மதிப்பீடு. அதை நம்பிக் கம்பியில் சிக்கனம் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இரண்டாவது பலகை சேர்த்தால் வாசகம் வாசிக்க வசதியாக இருக்கும். அப்போது கணக்கு 30.72 ஆம்பியர்.