குஞ்சம் நீண்டால் நல்லதா?

சேலை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுவார்கள். நம் குரோமோசோம் ஒவ்வொன்றின் இரு நுனியிலும் அந்த வேலையைச் செய்வது டெலோமியர். ஒரே ஆறெழுத்துத் தொடர் ஆயிரம் முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ அது. செல் பிரியும்போதெல்லாம் அதில் ஏறத்தாழ 50 முதல் 100 எழுத்துகள் தேய்ந்துபோகின்றன. இந்தத் தேய்மானத்தை முதுமையோடு முடிச்சுப்போட்டு, ‘நீட்டினால் நோயே அண்டாது’ என்று மாத்திரை விற்பவர்களும் உண்டு. புற்றுநோய் விஷயத்தில் கணக்கு அத்தனை நேரானது இல்லை.

நம்பிக்கை 1: டெலோமியர் நீளமாக இருந்தால் புற்றுநோய் வராது.

உண்மை: மனித செல்கள் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். டெலோமியர் தேய்வதால் வரும் அந்த நிறுத்தம் ஒரு தடுப்பணை. கெட்டுப்போன செல் கட்டியாக வளரும் முன்பே அதற்குள் சிக்கிக்கொள்ளும். டெலோமியர் நீளமென்றால் பிரிய அவகாசம் கூடும். மரபணுப் பிழைகள் சேரவும் அவகாசம் கூடும். பிறப்பிலேயே நீண்ட டெலோமியருக்கான மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், சிலவகை மூளைக்கட்டி, நுரையீரல் புற்று ஆகியவற்றின் அபாயம் கூடுதல் என்று மரபியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆய்வக எலிகளின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுதான். புற்றுநோயும் அவற்றுக்குச் சாதாரணமாக வரும்.

நம்பிக்கை 2: அப்படியானால் குட்டையாக இருப்பதே பாதுகாப்பு.

உண்மை: பி53 போன்ற காவல் மரபணுக்கள் சரியாக இருக்கும்வரைதான். அவை பழுதானால் குஞ்சம் தேய்ந்த பிறகும் செல் பிரிந்துகொண்டே போகும். மூடியில்லாத நுனிகளை உடைசல் என்று நினைத்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அடுத்த பிரிவில் இரு பக்கமும் இழுபட்டுக் குரோமோசோம் வேறெங்கோ கிழியும். ஒட்டுவதும் கிழிவதுமான இந்தச் சுழலைப் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் கண்டறிந்தார். பெரும்பாலான செல்கள் இதில் மாண்டுவிடும். தப்பிக்கும் ஓரிரு செல்களின் மரபணுக்களோ தாறுமாறாகக் கலைந்திருக்கும். டெலோமியர் மிகக் குட்டையாகப் பிறக்கும் அரிய பரம்பரை நோயாளிகளுக்கு ரத்தப் புற்றும் வாய்ப் புற்றும் அதிகம் வருவது தெரிந்ததே.

நம்பிக்கை 3: டெலோமெரேஸ் நொதிதான் புற்றுநோயை உண்டாக்குகிறது.

உண்மை: தேய்ந்த நுனியை மீண்டும் நெய்யும் இந்த நொதியை 1984இல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் ஒரு குளத்து ஒற்றைச்செல் உயிரியில் கண்டார்கள். சக ஆய்வாளர் ஜாக் சோஸ்டாக்கோடு சேர்த்து அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் இனப்பெருக்க செல்களிலும் குருத்தணுக்களிலும் அது இயல்பாகவே வேலை செய்கிறது. 1998இல் நலமான செல்களுக்குள் அதைப் புகுத்தியபோது, நிற்காமல் பிரிந்தனவே தவிர அவை புற்றாக மாறவில்லை. புற்றைத் தொடங்கிவைப்பவை வேறு பிழைகள். தொடங்கியதை ஓயாமல் ஓடவிடுவது டெலோமெரேஸ். சுமார் 85 முதல் 90 விழுக்காடு புற்றுகளில் அது விழித்திருக்கிறது. மீதியில் பல, அது இல்லாமலே பக்கத்துக் குரோமோசோமின் நுனியைப் பார்த்து நகலெடுத்துக்கொள்கின்றன.

நம்பிக்கை 4: டெலோமெரேஸை அடைத்துவிட்டால் எல்லாப் புற்றும் தீரும்.

உண்மை: அடைக்கும் மருந்து வந்துவிட்டது. இமெட்டெல்ஸ்டாட் என்ற ஊசிக்கு 2024இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதுவும் எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றில் வரும் ரத்தசோகைக்கு மட்டும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சரிவது அதன் முக்கியப் பக்கவிளைவு. அதனால் ஊசி போடும் ஒவ்வொரு முறையும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்த பிறகே மருத்துவர் அடுத்த அடி வைக்கிறார்.