ஆர்டர் ரெடி, இன்ஜின் எங்கே?

வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் படப்பை தாண்டி ஒரகடம் வரை பாருங்க: வண்டிக் கம்பெனிகள், அவற்றுக்குப் பார்ட்ஸ் செய்து தரும் சின்னச் சின்ன யூனிட்கள். ஒரு யூனிட் ஓனர் புதுசா ஒரு டை போட்டால், அந்தச் செலவை ஆயிரக்கணக்கான பீஸ்களில் எடுத்துவிடுவார். அவரிடமே போய், "மொத்தம் 118 பீஸ்தான், அடுத்த ஆர்டர் எப்போன்னு தெரியாது"ன்னு சொல்லிப் பாருங்க. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

ராணுவக் கொள்முதலில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். உதாரணம் நம்ம ஆவடியிலேயே இருக்கு.

அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது ஆவடியில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம். தயாரிப்பது அங்கேயே இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. 2000-ல் 124 டாங்கிக்கு ஆர்டர் வந்தது. அடுத்த பெரிய ஆர்டர் 2021 செப்டம்பரில்: மேம்படுத்திய மார்க்-1ஏ, 118 டாங்கி, ₹7,523 கோடி. இடைவெளி 21 வருஷம். நம்ம செட்டோட வயசு!

இந்த டாங்கிக்கு 1,400 குதிரைத்திறன் இன்ஜின் தருவது ஜெர்மனியின் எம்டியு. இத்தனை வருஷமா ஆர்டர் இல்லாத மாடலுக்கு எந்தக் கம்பெனி லைனை ஓட்டிக்கிட்டே இருக்கும்? நிறுத்திட்டாங்க. திரும்ப ஆரம்பிக்க வருஷக்கணக்காகும். ஒப்பந்தப்படி முதல் 5 டாங்கிகள் 30 மாதத்தில், அதாவது 2024 மார்ச்சுக்குள் வந்திருக்கணும். தள்ளிப்போச்சு. அதே மார்ச்சில் மைசூரு பெமல் ஆலையில் நம்ம சொந்த 1,500 குதிரைத்திறன் இன்ஜின் முதல்முறையாக ஓடியது. சந்தோஷம்தான். ஆனா டெஸ்ட் பெஞ்சில் ஓடுவது வேறு, 68 டன் டாங்கியை ராஜஸ்தான் மணலில் இழுப்பது வேறு.

"காசு இல்லையா?"ன்னு கேட்பீங்க. 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் ₹6.81 லட்சம் கோடி. அதில் பென்ஷன் மட்டும் ₹1.61 லட்சம் கோடி. தளவாடம் வாங்குவது உட்பட மூலதனச் செலவுக்கு ₹1.80 லட்சம் கோடி. அதிலும் பெரும்பகுதி பழைய ஒப்பந்தங்களின் தவணைக்கே போயிடும். இ.எம்.ஐ. போக மிஞ்சும் சம்பளம் மாதிரி. மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் திரும்பிப் போயிடும். அதனால்தான் 15-வது நிதிக் குழு, காலாவதியாகாத தனி நிதி ஒன்று வேணும்னு பரிந்துரைத்தது.

2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம்ம ஏரியாவும் வருது. பரிசோதனைக் கூடம் கட்ட மத்திய அரசு 75 சதவீதம் வரை மானியம் தருது. நல்ல திட்டம். ஆனா கூடம் கட்டினா மட்டும் ஒரகடத்து யூனிட் ஓனர் டை போட மாட்டார். நாளைக்கு ப்ளேஸ்மென்ட்டில் ஒரு கம்பெனி "எங்களுக்கு டிஃபென்ஸ் டிவிஷன் இருக்கு"ன்னு சொன்னா, சம்பளத்தோட இதையும் கேளுங்க: எத்தனை பீஸ், எத்தனை வருஷத்துக்கு?