பெடல் வழியே பாஸ்கல் விதி

ஒன்பதாம் வகுப்பு ‘பாய்மங்கள்’ பாடம் முடிந்தபின் பாஸ்கல் விதியைக் கேட்டால் மாணவர்கள் தடங்கலின்றிச் சொல்லிவிடுவர். “கிளட்ச் பெடலை முழுவதும் மிதித்தும் கியர் விழவில்லை, ஏன்?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். விதியை ஒப்பிப்பது வேறு, அதைக்கொண்டு சிந்திப்பது வேறு. காரின் நீரியல் கிளட்சில் கோளாறு கண்டறியும் முறையை ஒரு பாடவேளைச் செயல்பாடாக அமைத்தால் இரண்டாவதற்கும் பயிற்சி கிடைக்கும்.

அமைப்பு

பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. அழுத்தம் குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டரை அடைகிறது. அதன் பிஸ்டன் நகர்ந்து, நெம்புகோல் வழியாகக் கிளட்ச் தட்டின் பிடியை விடுவிக்கிறது. எஞ்சினும் கியர்பாக்சும் பிரிகின்றன. (கேபிள் மூலம் இயங்கும் கிளட்சுகளும் உண்டு, அவற்றுக்கு இவ்விளக்கம் பொருந்தாது.)

ஒரு கணக்கு

மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 16 மி.மீ., ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் 20 மி.மீ. எனக் கொள்வோம். பரப்புகளின் விகிதம் 256 : 400. எனவே 100 நியூட்டன் விசை 156 நியூட்டனாகிறது. மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் பிஸ்டன் 16 மி.மீ. நகரும். குழாயில் காற்று புகுந்து, முதல் 10 மி.மீ. நகர்வு காற்றை அமுக்குவதிலேயே போய்விட்டால்? மீதி 15 மி.மீ.க்கு ஸ்லேவ் பிஸ்டன் 9.6 மி.மீ. மட்டுமே நகரும். கிளட்ச் முழுமையாகப் பிரியாது, கியர் உரசும். கேள்விக்கான விடைகளுள் ஒன்றை மாணவர்கள் கணக்கிலேயே கண்டுவிடுவர்.

செயல்பாடு

ஊசி இல்லாத புதிய 10 மி.லி., 20 மி.லி. சிரிஞ்சுகள் இரண்டை மீன்தொட்டிக் காற்றுக் குழாயால் இணைத்து, நீர் நிரப்புங்கள். பெரிய சிரிஞ்சின் பிஸ்டனை ஒரு மாணவர் விரலால் தடுக்க, மற்றவர் சிறியதை அழுத்தட்டும்.

1. காற்று இல்லாதபோது: தடுக்கும் விரல் அழுத்தத்தை உடனே உணரும்.
2. காற்றுக் குமிழி இருக்கும்போது: சிறிய பிஸ்டன் பஞ்சுபோல் அமுங்கும், பெரியது தாமதமாக நகரும்.
3. இணைப்பைச் சற்றுத் தளர்த்தினால்: நீர் கசியும், அழுத்திப் பிடித்த பிஸ்டன் மெல்ல இறங்கும்.

அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

• பெடல் பஞ்சுபோல் இருந்து, பலமுறை மிதித்தால் சற்றுச் சரியானால்: குழாயில் காற்று இருக்கலாம்.
• திரவ மட்டம் குறைந்தால்: வெளிக்கசிவு. இரு சிலிண்டர்களின் ரப்பர் உறைகளையும் குழாய் இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.
• மட்டம் குறையாமல், மிதித்துப் பிடித்த பெடல் மெல்ல இறங்கினால்: மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் தேய்ந்து, திரவம் பிஸ்டனைக் கடந்து செல்லலாம்.
• எஞ்சின் வேகம் கூடியும் வண்டி வேகம் கூடாவிட்டால்: பெரும்பாலும் கிளட்ச் தட்டுத் தேய்மானம். திரவம் திரும்பிச் செல்லும் துளை அடைபட்டாலும் இதே அறிகுறி தோன்றும்.

கியர் உரசும்போது காரணத்தைப் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ஒருவர் பெடலை மிதிக்க, மெக்கானிக் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுதண்டு நகரும் தூரத்தை அளப்பார். தூரம் குறைந்தால் கோளாறு நீரியல் பகுதியில். சரியாக இருந்தால் கிளட்சுக்குள். ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸ் உறைக்குள் அமைந்த வண்டிகளில் இவ்வாறு அளக்க இயலாது.

இந்த அளவீட்டின் மதிப்பை மாணவர்களுக்கு உணர்த்துவது அவசியம். கிளட்ச் தட்டை மாற்றக் கியர்பாக்சையே இறக்க வேண்டும். காற்றை வெளியேற்றினால் தீரும் கோளாறுக்குத் தட்டை மாற்றினால், வாடகைக் கார் ஓட்டும் ஒரு தந்தையின் பல நாள் வருமானம் வீணாகும், கோளாறும் தீராது.

மதிப்பீடு

‘கண்டது’, ‘இருக்கக்கூடிய காரணங்கள்’, ‘பிரித்தறியும் சோதனை’ என மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையைக் குழுக்களுக்குக் கொடுங்கள். சரியான காரணத்துக்கு ஒரு மதிப்பெண் என்றால், தகுந்த சோதனைக்கு இரண்டு அளியுங்கள். பணிமனையில் வேலை செய்யும் உறவினர் உள்ள மாணவர்கள் இதில் முன்வந்து பேசுவர். அவர்கள் பேச இடம் கொடுங்கள். வண்டிக்கு அடியில் செல்வதும் திரவத்தைத் தொடுவதும் மெக்கானிக்கின் வேலை. கிளட்ச் திரவம் கண்ணுக்கும் தோலுக்கும் கேடு என்பதால், வகுப்பறையில் நீரை மட்டுமே பயன்படுத்துங்கள்.